ஐந்து நிமிடம் முன்னால் வருபவன்: படைக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆள்சேர்ப்புப் பொறுப்பிலும், சேர்ந்தவர்களைப் படையில் தக்கவைக்கும் பொறுப்பிலும் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

18 ஆண்டுகள் சீருடை அணிந்தவன் எழுதும் மடல் இது. எந்த நாட்டின் சீருடை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், 'அது அந்த நாட்டுப் பிரச்சினை' என்று மற்ற நாட்டு அதிகாரிகள் எல்லாம் நிம்மதியாக மடித்து வைத்துவிடுவீர்கள். அமைதி காக்கும் பணி ஒன்றில் ஐந்தாறு நாட்டுச் சிப்பாய்களோடு ஒரே முகாமில் இருந்திருக்கிறேன். மொழி வேறு, பூட்ஸ் வேறு. முணுமுணுப்பு மட்டும் ஒன்றாகவே இருந்தது.

இளைஞர்கள் முன்போலப் படையில் சேர வருவதில்லை, வந்தவர்களும் முதல் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். அதற்கு மருந்தாக விளம்பரம் எடுக்கிறீர்கள். மலை உச்சியில் ஒருவன் நிற்கிறான், பின்னால் முரசு ஒலிக்கிறது, ஹெலிகாப்டர் ஒன்று மெதுவாக இறங்குகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவன் படையில் சேர்வதற்கு ஒரு காரணம், அங்கேயே நிற்பதற்கு வேறொரு காரணம். முதலாவதைப் பற்றி ஓயாமல் பேசுகிறீர்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஓட முடியாமல் போன இரண்டு ஆண்டுகள் என்னை ஓர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். படிவம் நிரப்புவது என் வேலை. அதில் ஒன்பதாம் கேள்வி, 'படையில் சேர விரும்புவதற்கான காரணம்'. பதில் எழுத ஒரு வரி இடம். ஒரு நாள் காலையில் வந்த பையனிடம் அதைக் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "வீட்டில் ஐந்து பேர், கட்டில் இரண்டு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகப் போகிறது. நான் கிளம்பினால் ஓர் இடம் காலியாகும்" என்றான். பக்கத்து மேசையில் இருந்த சார்ஜென்ட் தலையைத் தூக்காமலேயே, "தாய்நாட்டுக்குச் சேவை என்று எழுது" என்றார். எழுதினேன். பையன் எட்டிப் பார்த்தான். தான் சொல்லாத ஒன்று தன் பெயருக்கு நேரே இருப்பதைப் படித்துவிட்டு, "சரிதான் ஐயா" என்று கையெழுத்துப் போட்டான்.

அந்த இரண்டு ஆண்டுகளில் நான் நிரப்பிய படிவங்களை எல்லாம் அடுக்கி வைத்துப் படித்தால், நாட்டில் இருக்கும் இளைஞர்கள் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தில் சிந்திப்பவர்கள் என்றுதான் தோன்றும். உங்கள் புள்ளிவிவரம் அந்தப் படிவங்களிலிருந்துதான் வருகிறது.

நாட்டுப்பற்றைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது இருந்தது. ஆனால் தனியாக வந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் ஏதாவது ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. அப்பாவின் கடன், தாத்தாவின் பதக்கம், ஊரை விட்டு ஓட ஒரு சாக்கு, ஆண்பிள்ளை என்று நிரூபிக்கும் ஆசை, மாதம் தவறாத சம்பளம், முடிவில் ஒரு பென்ஷன். எதிரி வாசலுக்கே வந்துவிட்டால் கதை வேறு. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் ஆள்சேர்ப்பு அலுவலகங்களின் முன்னால் மக்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களை எந்த விளம்பரமும் அழைத்து வரவில்லை. ஆனால் அதே நாட்டில் அடுத்த ஆண்டே, 'எங்கள் ஆட்கள் எப்போது வீடு திரும்புவார்கள்?' என்று சிப்பாய்களின் குடும்பங்கள் தெருவில் இறங்கிக் கேட்டன. 2024 ஏப்ரலில் நிறைவேறிய ஆள்திரட்டல் சட்டத்திலிருந்து, 36 மாதம் பணியாற்றியவர்களை விடுவிக்கும் பிரிவு நீக்கப்பட்டிருந்தது. போர் நடக்கும்போது ஆளை விட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. முடிவுக்கோடு தெரியாத ஓட்டத்தில் கால்கள் என்ன ஆகும் என்பதும் புரிகிறது.

சேர்க்கும் கலையை அரசுகள் ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்து வைத்திருக்கின்றன. ரோமப் பேரரசின் துணைப்படையில் குடியுரிமை இல்லாதவர்கள் 25 ஆண்டு உழைத்தால் குடிமக்கள் ஆனார்கள். அதற்குச் சான்றாக வெண்கலத் தகட்டில் பொறித்துக் கொடுத்த பத்திரங்கள் இன்றும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. 1831இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு அந்நியப் படையில் சேரும் வெளிநாட்டவர் மூன்றாண்டுக்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 1944இல் அமெரிக்கா, போரிலிருந்து திரும்புபவர்களுக்குக் கல்லூரிப் படிப்பையும் வீட்டுக்கடனையும் சட்டமாக்கியது. இவை நேர்மையான பேரங்கள். 'இதைத் தா, அதைத் தருகிறேன்' என்று முகத்துக்கு நேரே சொல்பவை. எனக்கு இவற்றின் மேல் கோபமே இல்லை.

கோபம் வேறு வகைப் பேரத்தின் மேல். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் நகரில் ஒரு கடற்படை அட்மிரல் 30 பெண்களைத் திரட்டினார். சீருடை அணியாத ஆண்களைத் தெருவில் கண்டால் கோழை என்பதன் அடையாளமாக ஒரு வெள்ளை இறகைக் கையில் கொடுப்பது அவர்கள் வேலை. அது நாடெங்கும் பரவியது. அவமானத்தைப் போல மலிவான எரிபொருள் கிடையாது என்பதை அந்த அட்மிரல் அறிந்திருந்தார். அதே ஆண்டு இன்னொரு யோசனையும் வந்தது. ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் சேர்ந்தே வரலாம், சேர்ந்தே போரிடலாம் என்றார்கள். கூட்டம் அலைமோதியது. அப்படித் திரண்ட படைப்பிரிவுகளில் ஒன்று இங்கிலாந்தின் அக்ரிங்டன் நகரத்துடையது. 1916 ஜூலை 1ஆம் தேதி காலையில் பிரான்சில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த செர் என்ற கிராமத்தை நோக்கி அவர்கள் எழுந்து நடந்தார்கள். சுமார் 700 பேரில் 584 பேர் இறந்தார்கள், காயமுற்றார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில். ஊரில் துக்கத்தின் அடையாளமாகத் தெருத்தெருவாகத் திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டன.

நட்பு என்பது எவ்வளவு வலிமையான கயிறு என்று உங்களுக்கு எப்போதுமே தெரியும் என்பதற்காக இதைச் சொன்னேன். ஆள் பிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறீர்கள்.

இனி, நிற்பதைப் பற்றி.

மலைமுகட்டில் ஒரு காவல் நிலை. எட்டுப் பேர் கொண்ட செக்‌ஷன். இரவில் ஆளுக்கு இரண்டு மணி நேரக் காவல். கடைசி அரை மணி நேரத்தில் கால்விரல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பூட்ஸுக்குள் அசைத்து அசைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னை மாற்ற வேண்டியவன் இரண்டு மணிக்கு வர வேண்டும், அவன் 1.55க்கு வந்து நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். தன் துப்பாக்கியை ஒருமுறை பார்ப்பான், எதிர்ச்சரிவை ஒருமுறை பார்ப்பான், நான் உட்கார்ந்திருந்த மணல்மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு "போ" என்பான். ஐந்து நிமிடம். அந்தக் குளிரில் அது எவ்வளவு பெரிய தொகை என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். அவன் எனக்குத் தந்ததை வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால், நான் மாற்ற வேண்டியவனுக்கு நானும் ஐந்து நிமிடம் முன்னால் போனேன். அவன் அடுத்தவனுக்கு. ஒரு மாதத்தில் எட்டுப் பேரும் அப்படி ஆகிவிட்டோம். பதிவேட்டைப் புரட்டிய பிளட்டூன் அதிகாரி, "உங்கள் கடிகாரங்கள் மட்டும் எப்படி ஒன்றுபோல வேகமாக ஓடுகின்றன?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் லாபமில்லை. எல்லாரும் முன்னால் வந்ததால் எல்லாரும் அதே இரண்டு மணி நேரம்தான் நின்றோம்.

என் முதல் ஒப்பந்தம் அந்த மலையில்தான் முடிந்தது. வெளியே எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. இதைவிட நல்ல சம்பளம், முழங்காலுக்கும் நல்லது. மறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி காரணம் கேட்டார். "படை வாழ்க்கை பிடித்திருக்கிறது" என்றேன். எனக்குப் பிடித்தது படை வாழ்க்கை அன்று. என் இரண்டு மணிக் காவலில் யார் வந்து நிற்பான், அவன் எத்தனை மணிக்கு வருவான் என்று தெரியாமல் அந்த ஏழு பேரை விட்டு இறங்கிப் போக மனம் வரவில்லை. பழைய தமிழில் இதற்குச் செஞ்சோற்றுக்கடன் என்று ஒரு சொல் உண்டு. அங்கே கடன் பட்டது அரசனிடம். எங்கள் கடன் எங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை. எட்வர்ட் ஷில்ஸ், மோரிஸ் ஜானோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், இரண்டாம் உலகப் போரில் தோல்வி உறுதியான பிறகும் ஜெர்மன் சிப்பாய்கள் ஏன் போரிட்டார்கள் என்று கேட்டு, 1948இல் எழுதிய பதில் ஏறத்தாழ இதுதான்: கொள்கையைவிட, கூட இருந்த சிறு குழுவே அவர்களைக் கட்டிவைத்தது. அதே போரில் அமெரிக்கப் படைக்காகச் சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையிலான குழு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களிடம் கேள்வித்தாள் கொடுத்தது. போர்முனையில் உங்களைத் தாங்கிப் பிடிப்பது எது என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்ன பதில், 'இதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்'. அடுத்தபடியாக, பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிட முடியாது என்பது. உயர்ந்த இலட்சியங்களைச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. சோவியத் நாட்டோடு மோதிய கிழக்கு முனையில் ஜெர்மன் பிரிவுகள் அழிந்த வேகத்துக்கு எந்தச் சிறு குழுவும் நிலைத்திருக்க வாய்ப்பில்லை என்றார் வரலாற்றாசிரியர் ஓமர் பார்டோவ். அங்கே ஆட்களை நிறுத்தியது மூளையில் ஏற்றப்பட்ட வெறுப்பும், பின்னால் நின்ற தூக்குக்கயிறும். பயமும் ஒரு காரணம்தான். முதல் உலகப் போரில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டன் தன் சிப்பாய்களையே விடியற்காலையில் கம்பத்தில் கட்டிச் சுட்டது. அவர்களில் 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கினார்கள். 90 ஆண்டு தாமதம்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. நண்பனுக்காக நிற்பவன் எந்தப் போரிலும் நிற்பான், நிற்கக் கூடாத போரிலும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நியாயம் அநியாயம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு உங்களுடையது, உங்களுக்கு மேலே உத்தரவு போடுபவர்களுடையது. எங்கள் பாசத்தை எங்கே செலவழிப்பது என்று நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். அந்தப் பொறுப்பின் கனம் உங்கள் விளம்பரத்தில் எங்கும் தெரியவில்லை.

சரி, நிற்பவர்கள் எப்போது கிளம்புகிறார்கள்? குண்டுக்குப் பயந்து கிளம்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. லீவு மறுக்கப்பட்டுக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒருவனுக்குத் தங்கை கல்யாணத்துக்கு லீவு மூன்று முறை தள்ளிப்போனது. ஆள் பற்றாக்குறை என்றார்கள். அவனும் ஏற்றுக்கொண்டான். கல்யாணத்துக்கு முதல் நாள், மேலதிகாரியின் ஓட்டுநர் லீவில் கிளம்பிப் போனபோது முகாம் வாசலில் காவலுக்கு நின்றவன் அவனேதான். கேட்டைத் திறந்துவிட்டதும் அவன்தான். லீவு கிடைக்காதது அவனைக் கிளப்பவில்லை. அந்தக் கேட்தான் கிளப்பியது.

ஸ்டௌஃபர் குழுவும் இதே போன்ற ஒன்றைக் கண்டது. விமானப் பிரிவில் பதவி உயர்வு வேகமாகக் கிடைத்தது, இராணுவப் போலீஸில் மிக மெதுவாக. ஆனால் பதவி உயர்வு முறையைப் பற்றி அதிகம் குறைப்பட்டவர்கள் விமானப் பிரிவினர். பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காததுதான் வலிக்கிறது. ஊக்கத்தொகையை உயர்த்தி ஆளைத் தக்கவைக்கலாம் என்று நம்புபவர்கள், பணம் கொடுக்கும் முன் அதை யாருக்குக் கொடுக்காமல் விடுகிறோம் என்ற பட்டியலையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

லீவு என்றதும் 1917 நினைவுக்கு வருகிறது. முதல் உலகப் போரின் அந்த ஏப்ரலில் பிரெஞ்சு ஜெனரல் நிவேல் நடத்திய தாக்குதல் பெரும் உயிர்ப்பலியோடு தோற்றது. பிரெஞ்சுப் படையின் ஏறத்தாழ பாதி டிவிஷன்களில் சிப்பாய்கள் முரண்டு பிடித்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஓடவில்லை. அகழியைக் காப்போம், எதிரி வந்தால் தடுப்போம், பயனற்ற தாக்குதலுக்கு மட்டும் இனி எழுந்து போகமாட்டோம் என்றார்கள். புதிதாகத் தலைமை ஏற்ற பெத்தேன் தண்டிக்கவும் செய்தார். நூற்றுக்கணக்கில் மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன, அவற்றில் சிறு பகுதியே நிறைவேறியது. ஆனால் படையைத் திரும்ப நிமிர்த்தியது, தண்டனையை நிறைவேற்றிய துப்பாக்கிக் குழு என்று நான் நினைக்கவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் லீவு, ஒழுங்கான சாப்பாடு, முனையிலிருந்து திரும்பினால் உண்மையான ஓய்வு, வீண் தாக்குதல்கள் நிறுத்தம். அந்த லீவு அதற்கு முன்பும் காகிதத்தில் இருந்தது. பெத்தேன் அதைக் காகிதத்திலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். (பின்னாளில், இரண்டாம் உலகப் போரில், அவர் ஹிட்லரோடு ஒத்துழைத்ததற்கு வரலாறு தனியாகக் கணக்குத் தீர்த்துவிட்டது.)

குழுவைக் கட்டுவது கடினம், கலைப்பது எளிது. வியட்நாமில் அமெரிக்கத் தரைப்படை ஆளுக்கு 12 மாதம் என்று தனித்தனியாக மாற்றியது. நோக்கம் நல்லதுதான், முடிவு தெரியாத போரில் ஒவ்வொருவனுக்கும் ஒரு முடிவுத் தேதி கிடைத்தது. ஆனால் ஒரே பிளட்டூனில் ஒருவனுக்கு 300 நாள் பாக்கி, இன்னொருவனுக்கு 9 நாள். ஒன்பது நாள் பாக்கி உள்ளவன் புதிதாக வந்தவனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட விரும்பாமல் போனான். எல்லாரையும் சேர்த்தே அனுப்பி, சேர்த்தே திருப்பி அழைத்திருக்கலாமே என்று பிறகு பலரும் எழுதினார்கள்.

குழு என்பதாலேயே அது நல்லது என்றும் சொல்லமாட்டேன். சோவியத் படையில் மூத்த கட்டாயச் சிப்பாய்கள் புதியவர்களை வதைத்த வழக்கம், அந்நாடு கலைந்த பிறகும் ரஷ்யப் படையில் தொடர்ந்தது; அதுவும் ஒரு வகைக் கட்டுக்கோப்புதான். பாரக்ஸ் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாத அதிகாரி, தன் ஆட்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று அறிக்கை அனுப்பிக்கொண்டிருப்பார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒன்பதாம் கேள்விக்குக் கீழே அரைப் பக்கம் இடம் விடுங்கள். பையன் கட்டிலைப் பற்றிச் சொன்னால் கட்டிலைப் பற்றியே எழுதுங்கள். அவன் வெட்கப்படவில்லை, நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் போகாதீர்கள். அவர்களுக்கு உங்கள் ஹெலிகாப்டர் மட்டும்தான் தெரியும். லீவுப் பட்டியலை, அதிகாரிகளின் ஓட்டுநர்களுடையதையும் சேர்த்து, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். மறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவனிடமும் காரணம் கேட்டு, அதையும் உள்ளபடி எழுதுங்கள். கிளம்புபவனிடம் கேட்பதற்கு ஒரு படிவம் ஏற்கெனவே இருக்கிறது. 'விலகுவதற்கான காரணம்', அதற்கும் ஒரு வரி இடம்.

அந்த வரியில் நான் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். என் குடும்பத்தில் அப்போது எந்தச் சூழ்நிலையும் இல்லை. எங்கள் பிரிவை மறுசீரமைத்திருந்தார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். எட்டுப் பேருக்கும் ஏழு இடங்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை, எங்களுக்கும் அதில் வியப்பில்லை. புதிய இடத்தில் சம்பளம் கூடுதல், குளிர் குறைவு. காவல் மாற்ற இரண்டு மணிக்கு வர வேண்டியவர்கள் இரண்டு மணிக்கு வந்தார்கள், சில நாள் பத்து நிமிடம் கழித்து வந்தார்கள். சில மாதம் நான் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. பிறகு ஒரு நாள் இரவு விழித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி கண்ணை மூடினேன். ஏழு நிமிடம் தாமதமாகப் போனேன். நின்றிருந்தவன் புதிய பையன். ஒன்றும் சொல்லவில்லை, கால்விரல்களைத்தான் பூட்ஸுக்குள் அசைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போய் விலகல் படிவம் கேட்டேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சிப்பாய்